மியாகி சோஜுனின் வாரிசு யார்? கராத்தே ஆசிரியர் பரம்பரைப் பட்டியல்களை எப்படி வாசிப்பது?

வெள்ளிவீதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் கோஜு-ரியூ கராத்தே பயில்கிறேன். அண்மையில் ஒரு பயிற்சி முகாமில் வேறு மூன்று பள்ளிகளைச் சேர்ந்த மாணவர்களோடு தங்க நேர்ந்தது. நாங்கள் அனைவரும் ஒரே பாணியைத்தான் பயில்கிறோம். எல்லாருடைய டோஜோ (பயிற்சிக்கூடம்) சுவரிலும் முதல் படம் ஹிகாஓன்னா கான்ரியோ, இரண்டாவது படம் அவருடைய மாணவரும் எங்கள் பாணியை நிறுவியவருமான மியாகி சோஜுன். மூன்றாவது படத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒருவர் பள்ளியில் மியாசாத்தோ எய்இச்சி, இன்னொருவர் பள்ளியில் யாகி மெய்டோகு, மற்றொருவர் பள்ளியில் மியாகி ஆன்இச்சி, எங்கள் பள்ளியில் யாமகுச்சி கோகென். தத்தம் மூன்றாவது படத்தில் இருப்பவரே முறையான வாரிசு என்று ஆளாளுக்கு வாதாடியதில் இரவுச் சாப்பாடு ஆறிப்போனது.

மறுநாள் காலை நால்வரும் சான்சின் என்ற கட்டாவை (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு) செய்து பார்த்தோம். நடையும் திரும்பும் முறையும் மூச்சின் ஒலியும் ஆளுக்கு ஒரு விதமாக இருந்தன. ஒரே ஆசிரியரிடமிருந்து இறங்கிய கட்டா இப்படி மாறுபடுவதற்கு ஒருவரைத் தவிர மற்றவர்கள் தவறாகக் கற்றதுதான் காரணமா? இந்தப் பட்டியல்களில் எதை நம்புவது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கல்நெம்பு எழுதியது:

வெள்ளிவீதி தம்பி, வாரிசு யார் என்ற கேள்விக்கு நேரான விடை ஒன்று உண்டு; ஆனால் அதனால் உங்கள் நால்வரில் ஒருவருக்கும் பயனில்லை. மியாகி தமக்குப் பின் பொறுப்பை ஏற்பார் என்று கருதியிருந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுபவர் ஷின்சாத்தோ ஜின்ஆன். 1930-இல் தோக்கியோவில் ஆசிரியரின் சார்பில் கட்டா செய்து காட்டியபோது, ‘இது எந்தப் பள்ளி?’ என்று கேட்டவர்களுக்கு விடை சொல்ல முடியாமல் திரும்பியவர் இவர்தான். பள்ளிக்கு ஒரு பெயர் வேண்டும் என்ற எண்ணம் மியாகிக்கு அதன் பிறகே வலுத்தது. அந்த ஷின்சாத்தோ, இவர்களின் ஊரான ஜப்பானின் ஒகினவாத் தீவில் 1945-இல் நடந்த போரில் இறந்துபோனார். மியாகியும் அந்தப் போரில் பிள்ளைகளை இழந்தார். பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த குறிப்புகளும் நாஹா நகரத்தோடு எரிந்தன. 1953 அக்டோபர் 8-ஆம் நாள் தமது 65-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, இன்னார்தான் அடுத்தவர் என்று எழுதி வைத்த ஓலை எதுவும் இல்லை.

அதன் பிறகு நடந்தவற்றை ஒவ்வொரு தரப்பும் தனக்கு உகந்த இடத்திலிருந்து சொல்கிறது. 1954-இல் மூத்த மாணவர்கள் கூடி மியாசாத்தோவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும், ஆசிரியரின் பயிற்சிக் கருவிகள் அவர் வசம் வந்தன என்பதும் அவருடைய பள்ளியான ஜுன்தோகான் தரப்பின் சான்று. 1963-இல் மியாகி குடும்பத்தார் ஆசிரியரின் பயிற்சி உடையையும் கச்சையையும் யாகியிடம் அளித்தார்கள் என்பது அவருடைய பள்ளியான மெய்பூகான் தரப்பின் சான்று. கடைசி ஆண்டுகளில் ஆசிரியரோடு நாள்தோறும் இருந்து பயின்றவர் மியாகி ஆன்இச்சி என்பது, 1979-இல் உலகளாவிய கூட்டமைப்பை நிறுவிய ஹிகாஓன்னா மோரியோ தரப்பின் சான்று. இவை அனைத்தும் ஒருசேர உண்மையாக இருப்பதில் தடை ஏதும் இல்லை. கருவிகள் ஒருவரிடமும் கச்சை மற்றொருவரிடமும் கடைசி ஆண்டுகளின் பாடம் வேறொருவரிடமும் போய்ச் சேரலாம் அல்லவா?

என்னைக் கேட்டால், வாரிசு யார் என்பதைவிட, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை யார் மியாகியின் முன் நின்றார் என்ற கேள்விதான் பயனுள்ளது. ஹிகா செகோ 1898-இல் பிறந்தவர். கான்ரியோவிடமே சில காலம் பயின்று, பின்னர் மியாகியிடம் வந்தவர். அவர் கற்றபோது மியாகி இளைஞர். கையில் இருந்தது பெரும்பாலும் குருவிடம் வாங்கியது வாங்கியபடி. யாகி 1920களின் நடுவில் சிறுவனாகச் சேர்ந்தார். மியாசாத்தோ 1938-இல் சேர்ந்தார். பிறகு காவல்துறையில் பணிபுரிந்ததால், போருக்குப் பின் மியாகி காவலர் பயிற்சிப் பள்ளியில் கற்பித்தபோது உடனிருந்து உதவினார். ஆன்இச்சி 1948-இல் வந்தார். போரில் எல்லாவற்றையும் இழந்து, வீட்டுத் தோட்டத்தையே டோஜோவாக்கிக் கற்பித்த முதிய மியாகியைத்தான் அவர் கண்டார்.

இந்த இடைவெளியில் மியாகி சும்மா இருக்கவில்லை. தென்ஷோ கட்டாவைத் தாமே அமைத்தார். சான்சினில் திரும்பும் அடிகளை நீக்கி, முன்னும் பின்னும் மட்டும் நடக்கும் குறுகிய வடிவத்தை உண்டாக்கினார். கான்ரியோவின் வடிவத்தில் திரும்பும் அடிகள் இருந்தன. 1940-இல் ஒகினவா ஆளுநர் அமைத்த குழுவின் வேண்டுகோளை ஒட்டித் தொடக்க நிலை மாணவர்களுக்காக கெகிசாய் கட்டாக்களை அமைத்தார். போதாக்குறைக்கு, சான்சினைத் தாண்டிய கட்டாக்களை அவர் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லித்தரவில்லை. மாணவரின் உடல்வாகைப் பார்த்து ஒருவருக்கு ஒன்றோ இரண்டோதான் கொடுப்பார் என்று அவரிடம் பயின்ற பலரும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் நால்வரின் சான்சின் வேறுபட்டதற்கு ‘தவறாகக் கற்றது’ என்ற விளக்கம் தேவையே இல்லை. 1915-இன் மியாகியும் 1950-இன் மியாகியும் ஒரே பாடத்தை நடத்தவில்லை.

காஞ்சிப்பித்தன் எழுதியது:

இவ்வளவு விரிவாகப் பேசும் நண்பர்கள் வேர் எங்கே என்பதை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று தெரியவில்லை. கான்ரியோவுக்கு மேலே சீன ஆசிரியர், அவருக்கு மேலே ஷாவோலின் மடம், அதற்கும் மேலே நம் காஞ்சிபுரத்திலிருந்து கடல் கடந்து சென்ற போதிதர்மர். பரம்பரைப் பட்டியல் என்றால் அங்கிருந்தல்லவா தொடங்க வேண்டும்? உலகமே ஒப்புக்கொண்டதைத் தமிழர்கள் நாமே சொல்லத் தயங்கலாமா?

ஏடகம் எழுதியது:

காஞ்சிப்பித்தன் ஐயா, தங்கள் ஊர்ப்பற்றை மதிக்கிறேன்; ஆனால் உலகம் ஒப்புக்கொண்டது என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை. போதிதர்மர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று தான்லின் என்ற சீனத் துறவி குறித்திருக்கிறார். அது பழைய சான்று, மதிக்கத்தக்கது. அவர் ஷாவோலின் துறவிகளுக்கு உடற்பயிற்சியும் போர்க்கலையும் கற்பித்தார் என்ற செய்திக்கோ அப்படிப்பட்ட பழமை இல்லை. அது 1624-இல் எழுந்த ‘தசைநார் மாற்று நூல்’ என்ற சுவடியின் முன்னுரையிலிருந்து கிளைத்தது. அந்த முன்னுரை 7-ஆம் நூற்றாண்டுத் தளபதி ஒருவர் எழுதியது போலப் புனையப்பட்டது என்பதைச் சீன வரலாற்றாய்வாளர் தாங் ஹாவ் போன்றவர்கள் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எடுத்துக்காட்டிவிட்டார்கள். போதிதர்மர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் இதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

ஒகினவா ஆசிரியர்களே இதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்த இட்டோசு அன்கோ 1908 அக்டோபரில் கல்வித் துறைக்கு எழுதிய பத்துக் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் தொடக்கமே, கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்பூசிய நெறியிலிருந்தோ வந்ததன்று என்பதுதான். மியாகி 1934-இல் எழுதிய கட்டுரையில், கராத்தேயின் தோற்றம் குறித்த பல கதைகளை எடுத்துச் சொல்லிவிட்டு, உறுதியாகச் சொல்லக்கூடியது 1828-இல் சீனாவின் ஃபூஜியானிலிருந்து ஒரு பாணி வந்து சேர்ந்தது என்பது மட்டுமே என்கிறார். ஃபுனாகோஷி கிச்சின் தம் நூலில் போதிதர்மர் கதையைச் சொல்லியிருக்கிறார் என்பதையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். அவர் தோக்கியோவில் படித்த வர்க்கத்தாரிடம் கராத்தேயை எடுத்துச் சென்றவர், பௌத்தப் பழமை அங்கே ஒரு மரியாதையைத் தந்தது. ஆனாலும் அவருடைய ஆசிரியர் இட்டோசுவே மறுத்துவிட்ட ஒன்றைப் பட்டியலின் உச்சியில் ஏற்றுவது முறையாகாது.

மணிமேகலை எழுதியது:

நான் ஃபுனாகோஷியின் வழிவந்த ஷோடோகான் பாணி பயின்றவள். பெண் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் வருகிறேன். கல்நெம்பு அண்ணா சொன்ன ‘எந்த ஆண்டுகள்’ என்ற அளவுகோல் எங்கள் பக்கத்திலும் சரியாகவே பொருந்துகிறது என்பதைச் சொல்ல வந்தேன்.

ஃபுனாகோஷி 1868-இல் ஷூரியில் பிறந்து, நெடுங்காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அசாத்தோ அன்கோ, இட்டோசு அன்கோ ஆகிய இருவரிடமும் பயின்றார். இரவில் விளக்கோடு அசாத்தோவின் வீட்டுக்குப் போவதும், ஆசிரியர் திண்ணையில் அமர்ந்தபடி ‘இன்னொரு முறை’ என்று மட்டும் சொல்ல ஒரே கட்டாவை மாதக்கணக்கில் செய்வதும் அவரே எழுதி வைத்திருப்பவை. 1922-இல், 53 வயதில், கல்வித் துறை நடத்திய கண்காட்சியில் செய்து காட்டத் தோக்கியோ சென்றார். அப்படியே அங்கு தங்கிவிட்டார். அவரிடம் அந்தத் தொடக்க ஆண்டுகளில் கற்ற ஓட்சுகா ஹிரோனோரி பின்னர் பிரிந்து வாடோ-ரியூ பள்ளியை அமைத்தார். வாடோ மாணவர்கள் நிற்கும் நிலை எங்களுடையதைவிட உயரமாக இருக்கிறது. தொடக்க நிலைக் கட்டாக்களுக்கு ‘பினான்’ என்ற பழைய ஒகினவாப் பெயரையும் அவர்கள் இன்னும் விடவில்லை. எங்கள் ஷோடோகானிலோ அவை ‘ஹெய்யான்’. நிலைகள் தாழ்ந்தும் நீண்டும் இருக்கின்றன. அந்தத் தாழ்நிலை பெரும்பாலும் ஃபுனாகோஷியின் மகன் யோஷிடாகா 1930களில் கொண்டுவந்த மாற்றம். மகன் 1945-இல் காசநோயால் இறந்தார். ஷோடோகான் கட்டடமும் அதே ஆண்டு குண்டுவீச்சில் அழிந்தது. இன்று உலகெங்கும் ‘ஃபுனாகோஷியின் கராத்தே’ என்று பரவியிருப்பதில் பாதி, அந்த இளம் வயதில் போன பிள்ளையுடையது. அவருக்கோ எந்தச் சுவரிலும் தந்தைக்குச் சமமான இடம் இல்லை.

பட்டியல்களில் இடம்பெறாத இன்னொருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஃபுனாகோஷி தோக்கியோ சென்றபோது அவர் மனைவி ஒகினவாவை விட்டு வர மறுத்தார். முன்னோரின் கல்லறைக்கும் குடும்பக் கடன்களுக்கும் யாராவது ஒருவர் அங்கே இருக்க வேண்டியிருந்தது. கணவர் தோக்கியோவில் ஒகினவா மாணவர் விடுதி ஒன்றில் காவலாளாகவும் தோட்டக்காரராகவும் அறை கூட்டுபவராகவும் பகலைக் கழித்து, இரவில் கராத்தே கற்பித்தார். பழைய தொப்பியையும் கைத்தறி உடையையும் அடகுக் கடைக்கு அவர் எடுத்துச் சென்றபோது, அந்தப் பண்டங்களின் மதிப்புக்கு மேலாகவே பணம் கிடைத்தது. அந்தக் கடைப் பணியாளரின் தம்பி தம்மிடம் கராத்தே பயில்பவன் என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது. இந்தக் காட்சி எல்லா வாழ்க்கைக் குறிப்புகளிலும் இடம்பெறுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் தனியாகக் குடும்பத்தைத் தாங்கிய அந்த அம்மையார், போரில் ஊர் அழிந்தபின் அகதியாக கியூஷூ தீவின் ஒய்டா பகுதிக்கு வந்து சேர்ந்தார். கணவர் அங்கு சென்று அவரோடு வாழ்ந்தார். 1947-இல் அந்த அம்மையார் இறந்துவிட்டார். ஆசிரியரின் வாழ்நாள் பணி என்று நாம் பேசும்போது அந்த வாழ்நாளின் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

1957-இல் ஃபுனாகோஷி மறைந்தபோது இறுதிச் சடங்கை முன்னின்று நடத்துவது யார் என்பதிலேயே மாணவர்களிடையே பிணக்கு ஏற்பட்டு, ஒரு பகுதியினர் வராமலே இருந்துவிட்டார்கள். வாரிசுச் சண்டை கோஜு-ரியூவுக்கு மட்டும் உரியதன்று, தம்பி.

நேர்ப்பேச்சு எழுதியது:

பெரியவர்களுக்கு வணக்கம். இவ்வளவும் சுவையாக இருக்கிறது. ஆனால் நடைமுறையை யாராவது சொல்லுங்கள். என் ஊரில் ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டினால் ஆறு மாதத்தில் பிளாக் பெல்ட், அதோடு கண்ணாடிச் சட்டம் போட்ட பரம்பரைப் பட்டியலும் கொடுக்கிறார்கள். அதில் மியாகிக்குக் கீழே இரண்டு கோடு தள்ளி அந்த மாஸ்டரின் பெயர் இருக்கிறது. இந்த நிலைமையில் பட்டியல் என்பதே ஒரு விளம்பரப் பலகைதானே? நன்றாகச் சொல்லிக்கொடுப்பவரிடம் கற்றுக்கொண்டு போக வேண்டியதுதானே? எதற்கு இந்தக் குலமுறை கிளத்தல்?

கல்நெம்பு எழுதியது:

நேர்ப்பேச்சு அவர்களே, அந்தச் சட்டம் போட்ட பட்டியலைக் குறித்துத் தாங்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மியாகி தம் மாணவர் எவருக்கும் டான் (கறுப்புக் கச்சை நிலை) பட்டம் கொடுத்ததில்லை. பட்டங்களும் கறுப்புக் கச்சையும் ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோவின் முறையிலிருந்து வந்தவை. ஃபுனாகோஷி தம் மாணவர்களுக்கு முதன்முதலாக டான் வழங்கியது 1924-இல். ஒகினவாவில் அந்த வழக்கம் பரவியது மியாகி மறைந்த பிறகுதான். ஆகவே மியாகி கையெழுத்திட்ட பட்டச் சான்றிதழ் என்று யாராவது காட்டினால், அங்கேயே பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஆனால் பரம்பரையே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. சான்சினில் மாணவர் மூன்றடி முன் நடந்து நிற்கும்போது ஆசிரியர் பின்னால் வந்து இரு தோள்களிலும் உள்ளங்கையால் ஓங்கி அறைவார், விலாவின் பக்கத் தசையை விரலால் அழுத்துவார், தொடையில் தட்டுவார், பாதம் தரையைப் பற்றியிருக்கிறதா என்று காலை உதைத்துப் பார்ப்பார். அறைவது வலியைத் தாங்கும் வீரத்தைச் சோதிப்பதற்காக அன்று. தோள் மேலெழும்பியிருந்தால் கை அதை உணரும். மூச்சு அடிவயிற்றுக்கு இறங்காமல் மார்பில் நின்றுவிட்டால் விலாத் தசை தளர்ந்திருக்கும். எந்த இடத்தில், எந்த மூச்சில், எவ்வளவு அழுத்தத்தில் என்பதை நூலிலோ காணொளியிலோ கற்க முடியாது. தன் தோளில் அதைச் சரியாக வாங்கியவர்தான் அடுத்தவர் தோளில் சரியாகக் கொடுக்க முடியும். இதை அறியாமல் பார்ப்பவர்கள் வெறும் அடி என்று நினைத்து, பிள்ளைகளின் முதுகைச் சிவக்க வைக்கிறார்கள். பரம்பரைக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

கருவிகளும் அப்படித்தான். சி-இஷி என்பது மரப்பிடியின் ஒரு நுனியில் கல்லோ சிமெண்டுக் கட்டியோ பொருத்திய நெம்பு. என் புனைபெயரும் அதுதான். நிகிரி-கமே என்பது வாய் விளிம்பை விரல் நுனிகளால் பற்றித் தூக்கிக்கொண்டு சான்சின் நடையில் நடப்பதற்கான ஜாடி. பலம் ஏற ஏற உள்ளே மணலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஜாடியைக் கடையில் வாங்கலாம். மணிக்கட்டு எந்தக் கோணத்தில் நின்றால் முழங்கை கெடாது என்பதைப் பத்தாண்டு தூக்கியவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால்தான் தெரியும்.

எனவே நேர்ப்பேச்சு அவர்கள் ஓர் ஆசிரியரிடம் சேருமுன் கேட்க வேண்டியது, ‘உங்கள் பெயர் பட்டியலில் எத்தனையாவது வரி?’ என்பதன்று. ‘நீங்கள் யாரிடம், எந்த ஊரில், எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து பயின்றீர்கள்? அப்போது அவருக்கு என்ன வயது?’ என்று கேளுங்கள். ஒரு வாரக் கருத்தரங்கில் கூட நின்று படம் எடுத்துக்கொண்டவர் இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்வார்.

ஏடகம் எழுதியது:

கல்நெம்பு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒற்றைக் கோடாகப் பரம்பரை வரைவதே பிற்கால வழக்கம். மபுனி கென்வா ஷூரியில் இட்டோசுவிடமும் நாஹாவில் கான்ரியோவிடமும் பயின்று, இருவர் பெயரிலிருந்தும் எழுத்தெடுத்துத் தம் பள்ளிக்கு ஷிட்டோ-ரியூ என்று பெயரிட்டார். அவர் இரண்டு கோடுகளையும் மறைக்காமல் வைத்துக்கொண்டார். மியாகிக்கு நெருங்கிய நண்பர். இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். நண்பர்களிடம் கற்றதைக் காட்ட எந்தப் பட்டியலிலும் அம்புக்குறி இல்லை என்பது எனக்கு நெடுநாளைய குறை.

வெள்ளிவீதி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. எங்கள் மாஸ்டரிடம் கல்நெம்பு அண்ணா சொன்னபடி கேட்டேன். அவர் சிறிதும் கோபிக்காமல், தாம் பயின்ற ஆண்டுகளையும் ஊரையும் சொன்னார். யாமகுச்சி, மியாகியோடு இருந்த காலம் ஒகினவா மாணவர்களோடு ஒப்பிட்டால் குறுகியது என்பதையும் அவரே சொன்னார். இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. கான்ரியோவுக்கு ஆசிரியராக எங்கள் பட்டியலில் ‘ரியூ ரியூ கோ’ என்று இருக்கிறது. முகாமில் ஒரு நண்பரின் பட்டியலில் அதே இடத்தில் ‘ஷியே சோங்ஷியாங்’ என்று இருந்தது. இருவரும் ஒருவரா?

ஏடகம் எழுதியது:

ஒருவரே என்று ஒகினவா ஆய்வாளர்கள் சிலர் முன்வைத்தார்கள். அது பல பட்டியல்களில் ஏறிவிட்டது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஷியே 1852-இல் பிறந்தவர், கான்ரியோ 1853-இல் பிறந்தவர். 1870களில் சீனாவின் ஃபூஜோ நகரில் இருந்த ஓர் ஒகினவா இளைஞர் தம்மைவிட ஒரே வயது மூத்தவரிடம் பல ஆண்டுகள் சீடராகப் பணிசெய்தார் என்பது நடக்காத காரியம் அன்று; ஆயினும் மரபு காட்டும் ரியூ ரியூ கோ வயது முதிர்ந்த ஆசான். 1915-இல் மியாகி ஃபூஜோ சென்று தம் ஆசிரியரின் ஆசிரியரைத் தேடியபோது அவர் உயிரோடில்லை என்பதும் அதே மரபு சொல்வது. ஷியேயோ 1930 வரை வாழ்ந்தார். அதுவும் அதே ஃபூஜோவில், தமக்கென்று ஒரு கொக்குப் பாணியை நிறுவிய பெயர்பெற்ற ஆசிரியராக வாழ்ந்தார். மியாகி தேடி வந்திருந்தால் அவரைக் கண்டுபிடிக்காமல் போயிருப்பது அரிது.

இருவரும் ஒருவரே என்ற அடையாளத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் மியாகியின் பயணச் செய்தியைக் கைவிட வேண்டும். பயணச் செய்தியைக் காப்பாற்ற வேண்டுமானால் அடையாளத்தைக் கைவிட வேண்டும். நான் அடையாளத்தைக் கைவிடுகிறேன். உங்கள் பட்டியலில் இருக்கும் ‘ரியூ ரியூ கோ’ என்ற பெயரை அப்படியே விட்டுவைக்கச் சொல்லுங்கள், அதற்கு மேலே எதையும் எழுத வேண்டாம்.